எடைச்சீட்டு

அந்தப் புயலுக்குப் பெயர் உண்டாம்.
என் நோட்டில் அது
தார்ப்பாய் 60, கொசுவர்த்தி 4 பெட்டி,
டீசல் ரூ. 2,350
என்றுதான் இருக்கிறது.

புதுவயல் ரைஸ்மில் எடைமேடையில் நான் குமாஸ்தா.
மில்லுக்குப் பின்சந்தில்
பாப்டிஸ்ட் சபைக்குப் பொருளாளர்.
முப்பத்தெட்டு குடும்பம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
எந்த ஜெபத்தின் நடுவிலும் உமித்தூசி இறங்கும்.

எங்களுக்குக் காற்றோடு போயிற்று:
ஒரு வேம்பு, ஏழு மின்கம்பம்.
கட்டுமாவடிப் பக்கம் கடல் எழுந்து வந்து
தோப்புக்குள் படுத்துவிட்டதென்று
மீன் ஏற்றப் போய் வெறும் பெட்டியோடு திரும்பிய
ரூபஸ் சொன்னான்.
சொன்னவன் வண்டியை அணைக்கவில்லை.

அண்டா வேண்டும்.
கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக் காவல்காரர்
சாத்தையா
சென்னைக்குப் போன் போட்டு உத்தரவு வாங்கி
இரண்டாம் கட்டின் பூட்டைத் திறந்தார்.
சொ.நா.மெ. என்று எழுத்து வெட்டிய பித்தளை.
நாலு பேர் தூக்கினோம்.
பழக்கதோஷம், மேடையில் ஏற்றிப் பார்த்தேன்:
அறுபத்தொரு கிலோ. மூடி தனி.
"ஈயம் பூசினது, சுரண்டிராதீக."

பொட்டலம் கட்டும்போது வந்தது வழக்கு.
அரிசி மூன்று கிலோ, பருப்பு அரை,
உப்பு, புளி, மெழுகுவர்த்தி;
மேலே ஒரு கைப்பிரதி வைக்கலாமா?
"வைக்கத்தான் வேணும்.
கேட்காமல் எப்படி விசுவாசிப்பார்கள்?"
என்றார் டீக்கன் ஆபிரகாம் துரை.
ஆயிரம் பிரதி அவர் காசில் அச்சடித்தது.
போதகர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் மனைவி கிருபாவதி
ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கவிழ்த்தார்.
"மெழுகுவர்த்தி இருக்கு.
தீப்பெட்டி எங்க?"

தீப்பெட்டி வைத்தோம்.
துரை அதன்பின் பேசவில்லை,
ஆனால் முந்நூற்றுப் பத்துப் பொட்டலத்துக்கும்
முடிச்சுப் போட்டது அவர் கைதான்.
யார் சொன்னது சரி என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
பிரதிக்கட்டு பீரோவில் இருக்கிறது.

அங்கே,
விழுந்த தென்னையின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர்
கையை நீட்டுமுன் கேட்டார்:
"நீங்க எந்தக் கட்சி?"
"புதுவயல்" என்றான் ரூபஸ்.
கட்சி புரிந்துவிட்டதுபோல
வாங்கிக்கொண்டார்.

இங்கே கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை.
தெருவுக்கே நினைவு வந்தது
சபை மேடைப் பலகைக்கு அடியில்
ஞாயிற்றுக்கிழமை முழுக்குக்கென்று
வியாழன் மாலையே நிரப்பிய தொட்டி.
நாலாயிரம் லிட்டர்.
பலகையைப் பெயர்த்தோம்.
முதல் குடம் பள்ளிவாசல் தெருவுக்கு,
அப்புறம் வரிசை கணக்கில் நிற்கவில்லை.
மொண்டு மொண்டு ஊற்றியவள் செம்பாயி,
மில் களத்தில் நெல் துழாவுகிறவள்,
அந்த ஞாயிறு
அதே தண்ணீரில் மூழ்க வேண்டியவள்.

ஞாயிறு. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே.
தலையில் தெளிப்பது எங்கள் வழக்கமில்லை.
"அடுத்த மாசம் பார்ப்போமா?" என்றார் போதகர்.
செம்பாயி இறங்கி,
கண்மாயில் எருமை படுப்பதுபோல்
அப்படியே மல்லாந்து படுத்தாள்.
நெற்றி மட்டும் நனையாமல் நின்றது.
போதகர் மண்டியிட்டு உள்ளங்கையால் அழுத்த
அதுவும் உள்ளே போயிற்று.
எழுந்தவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:
"அடியில ஒரே உமி."
துரை முதலில் சிரித்தார்.

அண்டாவைப் புளி போட்டு விளக்கித் திருப்பிக் கொடுத்தோம்.
மூடி வரவில்லை.
கட்டுமாவடியில் ஒரு பெண்
கூரை இல்லாத அடுப்பின் மேல் அதைக் கவிழ்த்துவைத்து
மழைக்குள் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.
கேட்கப் போனவன் நான்தான்.
கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை சாத்தையா போன் செய்கிறார்.
செலவுப் பக்கத்திலும் எழுத முடியவில்லை,
வரவிலும் முடியவில்லை.
மூடி ஒன்று.
எடை போட மறந்துவிட்டேன்.